தண்ணி மாத்திரை

மூன்றாவது மாடி புரூஃப் சார் எனக்குத் துரோகம் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று நாளைக்கு ஒரு கேன் தண்ணீர் என்னிடம் வாங்குகிறவர். வெயில் மண்டையைப் பிளக்கிறது, தெருவே இரண்டு பங்கு குடிக்கிறது. இவர் மட்டும் வரவரக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது பத்து நாளாகப் போனே செய்யவில்லை. வேறு எவனிடமோ வாங்குகிறார். எவன் அவன்? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சார் அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். தனியாள். என் வண்டியில் ‘தண்ணிர்’ என்று எழுதியிருந்ததை, நடுத்தெருவில் நிறுத்தி, சாக்பீசால் நெடிலாக்கிவிட்டுப் போனவர்.

கேட்டே விடுவது என்று மத்தியானமே படியேறினேன். கதவு திறக்க ரொம்ப நேரமானது. மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் அறை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன; காலை வைத்ததுமே எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூலையில் நான் வைத்த கேன் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. ஆக, போட்டிக்காரன் எவனும் இல்லை. அப்படியானால் இவர் என்னதான் குடிக்கிறார்?

“என்ன சார், தண்ணியே குடிக்கலையா?”

“தாகமே எடுக்கலப்பா.” உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அதான் மாத்திரை போடுறேனே. வெயில் ஜாஸ்தின்னு ரெண்டா போடுறேன்.”

“என்ன மாத்திரை?”

“தண்ணி மாத்திரை.”

அட்டையை வாங்கிக்கொண்டு, தெருமுனை மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அக்கா கத்தினாள்.

“அது உடம்புல இருக்கற தண்ணிய வெளியேத்தற மாத்திரைடா! ரெண்டா போடுறாரா? மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடு!”

கூப்பிட்டேன். ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, துண்டை நனைத்து அவர் கழுத்தில் சுற்றினேன். “மேனேஜர் வந்துட்டாரா? புரூஃப் இன்னும் திருத்தி முடியலையே” என்றார் என்னைப் பார்த்து. அச்சகத்தில் இருப்பதாகவே நினைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று அளவும் எழுதிக்கொடுத்தார். சார் தெளிந்து உட்கார்ந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அத்தனை புத்தகம் திருத்தினவரு, ரெண்டே ரெண்டு வார்த்தையில கோட்டை விட்டுட்டீங்களே சார்! அது தண்ணிக்குப் பதில்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீதானப்பா. போன மாசம் மருந்து வாங்கிட்டு வந்து குடுத்தப்ப சொன்னியே. ‘இந்தாங்க சார், தண்ணி மாத்திரை. இனிமே நான் கேனைத் தூக்கிட்டு மூணு மாடி ஏற வேண்டியதில்ல’ன்னு.”

ஒரு நாளைக்கு முப்பது வீடு ஏறி இறங்குகிறேன். நாலு வீட்டுக்கு மருந்தும் வாங்கித் தருவேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன், அடுத்த வீட்டில் மறந்துவிடுவேன். இதையும் சொல்லியிருப்பேன். சொன்னேன்தான். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உனக்கு முட்டி வலின்னு வேற சொல்லிட்டிருந்தியா,” என்றார் சார், “சரி, நம்மளால முடிஞ்சது, கொஞ்சம் குறைச்சுக்குவோம்னு பார்த்தேன்.”