மாசி மகத்தன்று வைத்த ஆட்டம்

"செவ்வாய் வேண்டாம்டி அக்தர். அன்னிக்கு உங்களுக்கு மீலாது. நீ வீட்டுல இருக்க வேண்டாமா?"

மாமல்லபுரத்திலிருந்து ருக்மிணியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் தொலைபேசியில் வந்தது. செங்கல்பட்டில் கல்லூரி ஆபீஸ் அறையில் நின்றுகொண்டிருந்த அக்தர் பேகம் சிரித்துவிட்டாள்.

"நான் மறந்தாலும் நீ மறக்க மாட்டே. சரி, அப்போ புதன்?"

கம்பி கரகரவென்றது.

"புதனா..."

"ஏன் இழுக்கறே?"

"ஒண்ணுமில்லடி. ஃபைனலை ரெண்டு தரம் தள்ளிப் போட்டாச்சு. இன்னும் எத்தனை தரம்தான் தள்றது? வெச்சுக்கோ."

போனை வைத்ததும் அக்தர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். புதன்கிழமைத் தாளில் மாசி மகம் என்று போட்டிருந்தது. அவள் கை அந்தத் தாளிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டில். மகத்தன்று சுற்றுவட்டாரமே மாமல்லபுரத்துக் கடலில் முழுக்குப் போடப் போகும் என்பதும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது என்பதும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ருக்மிணியோ அந்த ஊர்ப் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். 'அவளுக்குத் தெரியாததா? கஷ்டமென்றால் சொல்லியிருப்பாளே' என்று நினைத்துக்கொண்டு தாளை விட்டாள்.

இரண்டு பேரும் மெட்ராஸில் ஒரே விடுதி அறையில் தங்கி, பி.டி. என்னும் உடற்கல்வி படித்தவர்கள். ஆளுக்கொரு பெண்கள் கல்லூரியில் வேலை. வட்டாரக் கூடைப்பந்துப் போட்டியை வருஷத்துக்கு ஒரு கல்லூரி முறை வைத்து நடத்தும். அந்த வருஷம், எழுபத்தெட்டில், செங்கல்பட்டின் முறை. அதனால் அக்தர்தான் கன்வீனர். தேதி, மைதானம், நடுவர், கடைசி முடிவு எல்லாம் அவள் கையில்.

அந்த வருஷம் பார்த்துத்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. உலகமெல்லாம் சுற்றிவிட்டு வந்த ஃப்ளூ என்று பத்திரிகையில் எழுதினார்கள். கிழவர்களை விட்டுவிட்டு இளசுகளாகப் பார்த்துப் பிடித்தது. விடுதிகளில் வரிசையாகப் படுக்கை விரித்துப் பெண்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். அரையிறுதி வரைக்கும் எப்படியோ ஆடி முடித்தாயிற்று. இறுதியாட்டத்துக்குச் செங்கல்பட்டும் மாமல்லபுரமும். நாள் குறித்த வாரத்தில் அக்தரின் பெண்கள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள்.

"ருக்கு, என்னடி பண்றது? வாக்கோவர்னு எழுதிடட்டுமா?"

"போடி பைத்தியம். படுத்துக் கெடக்கறவாளை ஜெயிச்சு நான் கப்பை எங்க வெச்சுக்கறது? எழுந்து வரட்டும், ஆடலாம்."

இவர்கள் எழுந்தபோது அவர்கள் படுத்தார்கள். மறுபடி தள்ளிப் போட்டாயிற்று. இனிமேல் தள்ள முடியாது. பல்கலைக்கழக அணிக்குப் பெண்களைப் பொறுக்க மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் வர வேண்டும். இறுதியாட்டம் ஆடும் இரண்டு அணியிலிருந்துதான் அவர் எடுப்பார். அவருக்கு ஒழிந்த நாள் செவ்வாய் அல்லது புதன். அதற்குள் பெயர் போகாவிட்டால் போகாததுதான்.

அந்தப் பட்டியலில் யார் பெயர் முதலில் போகும் என்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரத்து அணியின் கேப்டன் முனியம்மா. கடலோரக் குப்பத்திலிருந்து காலேஜுக்கு வந்த முதல் பெண். பனைமரம்போல் உயரம். மூன்று வருஷமாகச் செங்கல்பட்டை இறுதியாட்டத்தில் தோற்கடித்துக்கொண்டிருப்பவள். போன வருஷம் கப்பைக் கொடுக்கும்போது அக்தரால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி, நீ எங்க காலேஜுல சேந்திருக்கக் கூடாதா?"

"உங்க காலேஜாண்ட கடலு இல்லியே டீச்சர்!" என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருசம் மட்டும் யுனிவர்சிட்டி டீம்ல எடுத்துட்டாங்கன்னு வெச்சுக்கோங்க, மெட்ராஸ்ல உங்க ரெண்டு பேர் மாரி பி.டி. படிப்பு படிக்க சீட்டு குடுப்பாங்களாம். இல்லாங்காட்டி நைனா மாமன் மவனுக்குக் கட்டி வெச்சுடும். அவனுக்கு மீனைத் தவுர ஒண்ணும் தெரியாது டீச்சர், பேஜாரு!" என்றாள்.

அந்த அடுத்த வருஷம்தான் இது.

புதன்கிழமை சாயங்காலம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. பிரின்சிபால் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த அம்மாள். செங்கல்பட்டுப் பெண்கள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உடம்பை உதறிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய கேப்டன் வசுமதிக்கு இருமல் நின்றபாடில்லை. எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது.

நடுவர் அப்பாசாமி வாசல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"திருக்கழுக்குன்றம் பக்கத்துலேர்ந்து வர பஸ்ஸெல்லாம் நிக்காம போவுது மேடம். ஆளு தொங்கினு வர்றான். இன்னிக்கு மகமாச்சே, குளிச்சுட்டு அத்தினி பேரும் திரும்பினுக்கீறான். பாவம், பொம்பளப் புள்ளைங்க எங்க ஏறும்?"

அக்தர் தானும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "வந்துடுவாங்க" என்றாள்.

விதிப்படி கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவும் ஓடிவிட்டது. வசுமதி பக்கத்தில் வந்தாள்.

"மேடம், அவங்க வரலைன்னா நாமதானே சாம்பியன்?"

"சும்மா இரு."

"இல்ல மேடம்... ஆடினா இன்னிக்கு எங்களால முடியாது. அந்த முனியம்மா எங்களைத் தூக்கிச் சாப்ட்ருவா. மூணு வருஷமா பாத்தாச்சு."

மெட்ராஸ் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கன்வீனர் நீங்கதான். வெயிட் பண்ணலாம்னு நீங்க சொன்னா நான் இருக்கேன். அடுத்த வண்டியில போறேன். எனக்கொண்ணும் இல்ல."

அது அக்தரின் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. சரி என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிரின்சிபால் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வசுமதி குனிந்து இருமினாள். மூன்று வருஷமாகக் கையைத் தட்டி, சிரித்துச் சிரித்து, மாமல்லபுரத்துக்கு விட்டுக் கொடுத்த கப் மேஜைமேல் இருந்தது.

"ஜுரத்துல எழுந்த குழந்தைங்க மேடம். பனியில எவ்ளோ நேரம் நிக்க வைக்கறது?" என்றாள் அக்தர். சொல்லும்போது அது நியாயமாகவே இருந்தது. "ரூல்னா ரூல்தான். ஊதுங்க அப்பாசாமி."

அப்பாசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விசிலை ஊதினார்.

செங்கல்பட்டு ஆடாமலே வென்றதாகத் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. மெட்ராஸ் அம்மாள் வசுமதியின் பெயரையும் இன்னும் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார். பெண்கள் கையைத் தட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி. கட்டை மேலிருந்து முதலில் ஒரு பந்து உருண்டு விழுந்தது. அதன் பின்னாலேயே குதித்தாள் முனியம்மா. முழங்கையில் சிராய்ப்பு. ஒவ்வொருத்தியாகக் கை கொடுத்து இறக்கினாள். கடைசியாக ருக்மிணி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"வந்துட்டோம் டீச்சர்! இன்னா கூட்டம், இன்னா கூட்டம்! ஒரு பஸ்ஸும் நிறுத்தல. பாதி தூரம் நடந்தே வந்தோம். அப்பால இந்த அண்ணாத்ததான் ஏத்தினாரு. ஒரு வா தண்ணி குடிச்சுட்டு ஆடிடலாம்!"

முனியம்மா மேஜைப் பக்கம் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

ருக்மிணி அக்தரின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"ஊதிட்டியா?"

"கால் மணி நேரம் ஆயிடுச்சு ருக்கு..."

"மகத்தன்னிக்கு வெச்சுட்டு, கால் மணி நேரமா?"

"நீ ஏண்டி சொல்லல? போன்லயே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே!"

"எப்படிச் சொல்றது? உன் பண்டிகைக்குத்தான் செவ்வாயை வேண்டாம்னேன். அதே மூச்சுல என் பண்டிகை, புதனும் வேண்டாம்னா எப்படி இருக்கும்? அப்புறம் நாளே இல்லியே. நீ இந்த ஊர்க்காரி. தெரிஞ்சுதான் வெக்கறே, லேட்டானா காத்துண்டிருப்பேன்னு நெனச்சேன்." ருக்மிணி பிடித்திருந்த கையை விட்டாள். "உன் பொண்கள் படுத்தப்போ நான் ஊதச் சொன்னேனா?"

அக்தர் வாசல் பக்கம் திரும்பினாள். "இரு" என்றாள். "அந்தம்மா ஸ்டேஷன்லதான் இருப்பாங்க. கூட்டிட்டு வரேன்." செருப்பு கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் தெருவில் ஓடினாள்.

வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. மெட்ராஸ் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வந்துட்டாங்க. லாரியில வந்திருக்காங்க. அந்தப் பொண்ணை அஞ்சு நிமிஷம் பாருங்க, போதும். எறங்குங்க மேடம்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்பவே கேட்டேனேம்மா, இருக்கட்டுமான்னு. நீங்கதான் வேணாம்னீங்க. கையெழுத்துப் போட்ட தாளை நானே எப்படிக் கிழிக்கறது? ஆடாத டீம்லேர்ந்து பேரு குடுத்தா யுனிவர்சிட்டியில ஒத்துக்க மாட்டாங்க."

"தப்பு என்னோடது மேடம். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

"எனக்குப் புரியுது. ஆனா நேரம் கடந்துடுச்சும்மா."

அக்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். வண்டி அவசரமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சிக்னல்கூட விழவில்லை. இறங்க மனசிருந்தால் எவ்வளவோ நேரம் இருந்தது. சொல்லவும் கெஞ்சவும் இனி ஒன்றும் இல்லாமல் அவள்தான் திரும்பினாள்.

மைதானத்தில் இரண்டு கல்லூரிப் பெண்களும் கலந்து நின்று பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். முனியம்மா எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்குள் விழுந்தது. வசுமதி, "எப்படி அக்கா மணிக்கட்டைத் திருப்பறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து முனியம்மா காட்டினாள்: "தோ, இப்டி. சும்மா வுடு, அதுவே போவும். நீதான போறே, கத்துக்கினு போ."

அக்தர் வருவதைப் பார்த்ததும் பந்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், வண்டி பூட்ச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் அக்தர் வாயைத் திறந்தாள். வண்டி நிற்கிறது, அந்த அம்மாள் காத்திருக்கிறேன் என்று சொன்னார், நான்தான் ஊதச் சொன்னேன் என்று. அந்த முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "போயிடுச்சு."

முனியம்மா அவளுடைய வெறும் காலைப் பார்த்தாள். கட்டை விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, செருப்புகூட இல்லாம ஓடினீங்களா எனக்காவ?" கீழே உட்கார்ந்து, தன் தாவணி முனையால் அந்தக் காலை ஒற்றினாள். "அழாதீங்க டீச்சர். ரயிலு பூட்ச்சுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்த ருக்மிணி அக்தரின் முகத்தைப் பார்த்தாள். ஒரே அறையில் இருந்தவள் அல்லவா, சொன்னது பொய் என்று பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். தன் பெண்களிடம் திரும்பி, "பையை எடுத்துக்கோங்கோ, பஸ்ஸு கெடைக்கறதா பாக்கலாம்" என்றாள்.

அக்தரின் கால் இன்னும் முனியம்மாவின் கையில் இருந்தது. இழுத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.