பெட்டியின் மேல் விழுந்த பழி

லிப்ட் மெக்கானிக் ஒரு சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார் என்றால் அவர் மனைவிக்கு ஒரு வாரம் தலைவலி. மிக்சி வாங்கப் பதினோரு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்கிய மனிதர். அவள் அவருக்கு வைத்த பெயர் ஆராய்ச்சியார். அந்தப் பெயர் மாடிவரைக்கும் ஏறியது; அங்கே குடியிருக்கும் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும்கூட அவர் காதில் விழாத தூரத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்தத் தடவை ஆராய்ச்சி, வீட்டுக்குப் புது வைஃபை ரவுட்டர் வாங்குவது. சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வீட்டுக்குப் படமே போட்டுவிட்டார். கீழ்வீடு, மாடிப்படி, மாடிவீடு, எந்தச் சுவர் எத்தனை அங்குலம் என்பதுவரை அதில் இருந்தது.

"ஏழு வருஷம் உழைச்ச பெட்டி. அதுக்கும் வயசாயிடுச்சு. அன்னைக்கு மட்டும் அது காலை வாராம இருந்திருந்தா, மாடிப் பொண்ணு இந்நேரம் வேலையில சேர்ந்திருக்கும்" என்றார்.

சமையலறையில் நின்றிருந்த அவர் மனைவி குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினாள்.

வீட்டில் அவள் பெரியவள். மாடியில் இருக்கும் ஓரகத்தி சின்னவள். இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். பெரியவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, தட்டச்சு செய்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சின்னவள் நர்ஸ். மகள் பிறந்த பிறகு நாலு வருஷமாக வேலைக்குப் போகவில்லை. அவள் கணவர் குளிர்சாதன லாரி ஓட்டுபவர்; மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. பெட்டி கீழே, வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு நேர் மேலே உயரத்தில் மாட்டியிருந்தது.

பழி விழுந்த அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாளே சின்னவள் கீழே வந்து, "அக்கா, நாளைக்குக் காலைல ஒரு ஒன்றரை மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு ஃபைல் தலைக்கு மேல இருக்கும்மா."

"சரிக்கா, பரவால்ல" என்று போய்விட்டாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு ஒரு அறுவை சிகிச்சை டாக்டரின் பதிவு வந்தது. அவசரம் என்று சிவப்பில் போட்டிருந்தது. பதினொரு மணிக்குள் போக வேண்டும். தரவிறக்கம் நத்தை மாதிரி ஊர்ந்தது. அதே நேரம் தலைக்கு மேல் கூரையைப் பிளந்துகொண்டு கார்ட்டூன் பாட்டு. ஒரு வாத்து, பத்து வாத்து என்று முடிவே இல்லாமல் போனது. பெரியவளுக்குச் சுர்ரென்று ஏறியது. 'நான் இங்க பொழைப்புக்குப் போராடறேன், மேல வாத்து மேய்க்கிறாங்க' என்று முணுமுணுத்தாள்.

பெட்டி மாட்ட வந்தவன் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவள் கம்ப்யூட்டருக்கு நேராகக் கம்பி வருகிறது. வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றினாள். இரண்டு நிமிஷ வேலை. வாத்துகள் பாதிப் பாட்டில் நின்றன. ஒரு மணி நேரம்தானே, அப்புறம் பழையதையே போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டுவது ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் சின்னவள். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும். கீழே பூப்போட்ட வீட்டுப் பாவாடை. இது என்ன கோலம் என்று பெரியவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்: வேலையில் இருக்கிறேன், அப்புறம் வா. சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு படியேறி ஓடினாள்.

பதினொன்று பத்துக்கு ஃபைல் போனது. பழைய பாஸ்வேர்டு திரும்ப வந்தது. வாத்துப் பாட்டு மட்டும் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் ஆராய்ச்சியார் வந்தபோது சின்னவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்காணல், வீடியோவில். நாலு வருஷ இடைவெளியைப் பொருட்படுத்தாமல் கூப்பிட்ட ஒரே இடம். கிடைத்த பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். சரியாகத் தொடங்கும் நேரத்தில் வைஃபை போய்விட்டது. போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே சிக்னல் ஒரு கோடு. வெயிலில் குழந்தை ஒரு பக்கம் அழ, எதிர்முனையில் இருந்த மூன்று பேரில் ஒருவர், "நீங்க பேசறது எதுவும் கேட்கல. பிறகு தொடர்புகொள்றோம்" என்று வைத்துவிட்டார். சாயங்காலம்வரை யாரும் கூப்பிடவில்லை.

"வைஃபை எப்படிப் போச்சும்மா?" என்று கேட்டார் ஆராய்ச்சியார்.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியல மாமா. நின்னுபோச்சு."

"பெட்டி பழசு. அதான்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார்.

கதவுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவளை, இப்போதே சொல்லிவிடு என்று மனசு இடித்தது. அழுதுகொண்டிருப்பவளிடம் எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு என்றால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து, இடம் நிரம்பிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரி வந்தது. ஒரு வாரத்தில் அது தூக்க முடியாத பாரமாகிவிட்டது. பெட்டிக்கு வாய் இல்லை. பழியை அது சுமந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். ஆராய்ச்சியார் நோட்டோடு முன்னால். பழைய பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பெரியவள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னவள். "நீயும் வாம்மா, உனக்காகத்தான் முக்கியமா வாங்கறோம்" என்று அவளை வற்புறுத்தி அழைத்ததும் ஆராய்ச்சியார்தான்.

கடை சின்னது. மூன்று பக்கமும் கூரைவரை அட்டைப்பெட்டிகள். மாதிரிக்கு வைத்திருந்த ரவுட்டர்கள் கொம்பு கொம்பாக நின்றன. ஆராய்ச்சியார் எட்டுக் கொம்பு வைத்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கொம்பு நிறைய. இதுதான் பவரா?"

"கொம்பை எண்ணி வாங்கக் கூடாது சார். மாட்டுக்கும் அப்படித்தான்" என்றார் கடைக்காரர். "உங்க வீட்டைச் சொல்லுங்க, நான் பெட்டியைச் சொல்றேன்."

நோட்டு விரிந்தது. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். ரவுட்டரில் இரண்டு வகை அலை வரும், ஒன்று வேகமாகப் போகும் ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், இன்னொன்று மெதுவாகப் போனாலும் சுவரைத் தாண்டிவிடும் என்று விளக்கினார். மாடிப்படிக் கான்கிரீட் நடுவில் நிற்பதால் ஒரே பெட்டியை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் மாடிக்கு மிச்சம் மீதிதான் போகும். இரண்டு பெட்டியாக வருகிற செட்டை வாங்கி ஒன்றைக் கீழேயும் ஒன்றை மாடியிலும் வைப்பதுதான் சரி என்றார். ஆராய்ச்சியார் குறித்துக்கொண்டே வந்தார். அவருக்கு அன்று திருவிழா மாதிரி இருந்தது.

"பழசைக் கொண்டுவந்திருக்கீங்களா? குடுங்க, என்ன கோளாறுன்னு பார்ப்போம்."

பெரியவள் பையைக் கொடுக்கத் தயங்கினாள். "எதுக்கு? அதான் புதுசு வாங்கறோமே."

"குடேன், அவர் பார்க்கட்டும்" என்று கணவர் வாங்கிக் கொடுத்தார்.

கடைக்காரர் மின்சாரம் கொடுத்து, தன் கம்ப்யூட்டரில் செருகிக் கொஞ்ச நேரம் ஏதேதோ தட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே சார். பழசுதான், வேகம் கம்மிதான். ஆனா நின்னுபோற பெட்டி இல்ல இது. எப்போ நின்னுது?"

"ஒரே ஒரு நாள்தான். காலைல ஒரு மணி நேரம். இந்தப் பொண்ணு போன்லதான் போச்சு."

கடைக்காரர் சின்னவளிடம் திரும்பினார். "அந்த நேரம் போன்ல என்ன வந்துச்சும்மா? வைஃபை பேரே காணாம போச்சா, இல்ல பேரு இருந்து பாஸ்வேர்டு கேட்டுச்சா? பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா பெட்டி மேல தப்பு இல்ல. யாரோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்."

பெரியவள் காலித் துணிப்பையை மடிக்கத் தொடங்கினாள். பாஸ்வேர்டை மாற்றினால் மாடியில் போன் அதைக் கேட்கும் என்பது இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சின்னவள் குழந்தையின் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமல், "இல்லண்ணே. எதுவும் கேட்கல. பேரே காணாம போச்சு" என்றாள்.

"அப்படின்னா சூடாகி அணைஞ்சிருக்கும்" என்று கடைக்காரர் அதோடு விட்டார்.

சின்னவள் நிமிர்ந்தாள். பெரியவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தனக்குத் தெரியும் என்பது மட்டும் அதில் இருந்தது. பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, மாடியில வைக்கிற பெட்டிக்குத் தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு வச்சுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா."

"அது எதுக்கும்மா, ஒரே வீடுதானே?" என்றார் ஆராய்ச்சியார்.

"சும்மா மாமா. ஒரு வசதிக்கு."

இரண்டு பெட்டி செட்டையே வாங்கினார்கள். திரும்பி வரும் வழியில் ஆராய்ச்சியார் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கீழே ஏணி போட்டு ஏறினார். மாடிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியவள் தானே மேலே போனாள். சின்னவள் அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை வைத்தார்கள். விளக்கு முதலில் மஞ்சளாகச் சிமிட்டிவிட்டுப் பச்சையானது.

"பாஸ்வேர்டு கேட்டுச்சில்ல?" என்றாள் பெரியவள்.

"கேட்டுச்சுக்கா. மூணு தடவை. மூணு தடவையும் பழசையே போட்டேன். தப்பு தப்புன்னு வந்துச்சு. உங்ககிட்ட கேட்கலாம்னுதான் ஓடி வந்தேன்."

"நான் கையைக் காட்டினேன்."

"ஆமா."

"எனக்கு இன்டர்வியூன்னு தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. பாட்டு கேட்டுச்சா, நீ படம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சேன்…"

"நீங்க பார்த்துக்க முடியாதுன்னு சொன்னதாலதான் பாப்பாவுக்குப் பாட்டு போட்டேன்."

பெரியவள் காலி அட்டைப்பெட்டியை மடித்து ஓரமாக வைத்தாள். "ஏன் மாமாகிட்ட சொல்லல? கடையிலயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? மாமா உங்களைத் திட்டுவார். எங்க வீட்டுக்காரர் லாரியை நிறுத்திட்டு வந்து சண்டை போடுவார். அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுடும். எனக்கு வேலைதான் போச்சு, வீடும் போகணுமா?"

"என்னை மன்னிச்சுடும்மா" என்றாள் பெரியவள்.

சின்னவள் வெளியே பார்த்தாள். "மன்னிச்சுட்டேன்னு வாய்வார்த்தைக்குச் சொல்லலாம்க்கா. வர மாட்டேங்குது. நீங்க மாத்தினதைக்கூட விட்டுடுவேன். அன்னைக்குச் சாயங்காலம் நான் படியில உட்கார்ந்து அழுதேனே, அப்ப வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன்."

கீழேயிருந்து, "பச்சை எரியுதா?" என்று ஆராய்ச்சியார் கத்தினார்.

"எரியுது மாமா" என்று சின்னவள் குரல் கொடுத்தாள்.

அன்று இரவே பெரியவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நோட்டில் இருந்த வீட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிகிட்ட நான் சொல்லல. அந்தப் பொண்ணு மறைச்சதை நான் ஏன் திறக்கணும்?" என்றார். பிறகு அவளை அவர் எதற்கும் குத்திக்காட்டியதில்லை. அந்த நோட்டை மட்டும் மறுபடி எடுக்கவில்லை.

பெரியவள் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். தனக்குப் பதிவு அனுப்பும் டாக்டர்கள் இரண்டு பேருக்கு எழுதி, நர்ஸ் வேலை இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவர் கூப்பிடச் சொன்னார். "வேண்டாம்க்கா, நானே தேடிக்கறேன்" என்றாள் சின்னவள், மரியாதையாகத்தான். குழந்தையைக் கீழே விடச் சொன்னால் விட்டாள். பண்டம் செய்தால் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. முன்பெல்லாம் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வம்பளப்பவள், இப்போது வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாள்.

ஐந்து மாதத்தில் அவளுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ரொம்பத் தூரம். தினமும் போய்வர முடியாது என்று அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். தம்பி லாரியிலேயே சாமான்களை ஏற்றினார். பெரியவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

போன இரண்டாவது வாரம் சின்னவளிடமிருந்து போன் வந்தது. தானாக அவள் கூப்பிடுவது பல மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அக்கா, இங்க நெட் கனெக்ஷன் எடுத்திருக்கோம். ரவுட்டர் நீங்களே வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. எது வாங்கறதுன்னு தெரியல."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டில் எத்தனை அறை, சுவர் என்ன சுவர், கம்பி எந்தப் பக்கமாக வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரண்டு அறைக்கு ஒரே பெட்டி போதும், கொம்பை எண்ணாதே, தரையில் வைக்காதே, ஆள் தலை உயரத்துக்கு மேலே வை, சமையலறைப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைக்காரர் சொன்னது, கணவர் சொன்னது, தானே படித்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் நடுநடுவே "சரிக்கா", "ம்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். இருபது நிமிஷம் இருக்கும். இருவரும் அவ்வளவு நேரம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

பிறகு சொல்வதற்கு ரவுட்டரைப் பற்றி எதுவும் மிச்சமில்லை.

"வேற ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்லக்கா. அவ்வளவுதான்" என்றாள் சின்னவள். ஆனால் உடனே வைத்துவிடவில்லை. இரண்டு பேரும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.