அறையில் ஏழு தருமன்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. விருத்தாசலத்திலிருந்து கீதாஞ்சலி போன மாதம் போனில் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை.

"மேடம், ஏழாவது கூடலுக்கு மலர் போடறோம். மொதல் கூடல் எப்படி நடந்துச்சுன்னு நீங்கதான் எழுதணும். சாரோட நீங்கதான கூடவே இருந்தீங்க?"

உட்கார்ந்தேன். எழுதினேன்.

"நிலக்கடலைப் பூச்சியியல் ஆராய்ச்சியாளர் தருமன் அவர்கள் எளிமையின்

எளிமையின் என்ன? சிகரமா? மசால் தோசைக்குள் இருந்த மசாலாவின் அளவைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, ஓட்டல்காரரைக் கூப்பிட்டு விவாதித்தவர் என் கணவர். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பாருங்கள், மேற்கோள் குறிகூட மூடவில்லை.

கீதாஞ்சலி போனை வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் கேள்விய சார்தான் கேட்டிருப்பாருன்னு நாங்க ஆறு பேரும் முடிவு பண்ணிட்டோம் மேடம். அவர் பேர்லயே பதிஞ்சு, கூடல்ல அறிவிச்சிடறோம்."

அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும். கட்டுரை என்றால் தெரிந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கதை என்றால் கொஞ்சம் சுற்றி வரலாம். நாங்கள் மலையைச் சுற்றுகிற ஊர்க்காரர்கள். எனவே கதை.

2.

தொடக்கங்கள்:

(அ) "மழை பெய்தது." நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோர் கதையிலும் பெய்கிறது.

(ஆ) "கம்பளிப்புழு ஒரு கொல்லையைத் தின்று முடித்துவிட்டு அடுத்த கொல்லைக்கு ஊர்வலமாகப் போகும்." உண்மை. சிவப்புக் கம்பளிப்புழு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பாவின் கடலைக் கொல்லையை அது ஒரு வருடம் மூன்றே நாளில் மொட்டையடித்தது. ஆனால் புழுவில் தொடங்கினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

(இ) 1989, பெண் பார்க்க வந்த நாள். மாப்பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பாடத் தெரியுமா என்பதல்ல.

"உங்க கொல்லையில கம்பளிப்புழுவோட அந்துப்பூச்சி எப்பங்க கெளம்பும்?"

என் அம்மா என்னை முறைத்தாள், ஏதோ நான் புழு வளர்ப்பதைப்போல. நான் சொன்னேன்:

"மொத மழை பெஞ்ச மூணாம் நாளு சாயங்காலம். உங்க ஊர்ல?"

போளூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "எழுதி வைக்கலைங்க" என்றார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண்ணிடம் எம்.எஸ்சி. அக்ரி தோற்றுவிட்டதாக என் தம்பி ஒரு வாரம் சொல்லிச் சிரித்தான்.

இனிமையான தொடக்கம்தான். ஆனால் கூடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடு போட்டு நீக்கிவிடுகிறேன். நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3.

சரியான தொடக்கம் இதுதான்: ஒரே புழுவை ஏழு பேர் ஏழு ஊரில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இங்கே என் கணவர். கோயம்புத்தூரில் தசரதன், எல்லோருக்கும் மூத்தவர், அவர் இருமினால் மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். விருத்தாசலத்தில் கீதாஞ்சலி, அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம். அப்புறம் அனந்தபூர், தார்வார், திண்டிவனம், கதிரி ஊர்களில் ஒவ்வொருவர்.

"ஒருத்தன் கையில இருக்கிறது இன்னொருத்தனுக்குத் தெரியாது வள்ளி" என்பார் இவர். "கருத்தரங்குல பார்த்தா, சாப்பாடு நல்லா இருக்குன்னு மட்டும் பேசிக்குவோம். பெரியவரு எதிர்ல சின்னவன் வாயத் தொறக்க மாட்டான். சின்னவன் எதிர்ல பெரியவரு தப்ப ஒத்துக்க மாட்டாரு."

2003இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாரும் எங்கேயும் பயணம் போகாமல், அவரவர் ஊர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, இணையத்தில் ஓர் அரட்டை அறையில் கூடுவது. அதற்கு 'இணையவழிக் கூடல்' என்று பெயரும் வைத்துவிட்டார். மேலதிகாரி சிரித்தாராம். "சாட்டிங்கா? அது லவ் பண்றவங்க பண்றதுய்யா." ஒருவரும் பேசாமல் கூடல் படுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு அலுவலகம் முழுக்கப் பரவும் என்று இவருக்கு நன்றாகத் தெரியும்.

4.

இப்போது தவறு. (தவறு இல்லாத கதையை நானே படிக்க மாட்டேன்.)

ஆறு பேருக்கும் அனுப்ப வேண்டிய கடிதத்தைச் செங்கம் ரோடு பிரௌசிங் சென்டரில், சக்கரபாணியின் இரண்டாம் எண் கம்ப்யூட்டரில், அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அரட்டை அறையைத் திறந்து வைத்து, அதையும் எனக்குக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"பௌர்ணமியன்று மாலை நான்கு மணிக்கு அறைக்குள் வரவும்... அடிச்சியா? வந்தவுடன் ஒரு பெட்டி தெரியும்... ம். பெயர்னு கேக்கும். அதுல தருமன்னு அடி."

கடைசி வாக்கியம் எனக்குச் சொன்னது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கச் சொன்னது. நானோ கடிதத்தில் அடித்துவிட்டேன்: 'பெயர் என்ற பெட்டியில் தருமன் என்று அடிக்கவும்.'

என் தட்டச்சின்மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை. படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அலுவலகத் தலைப்பு, கோப்பு எண், முத்திரை, எல்லாம் உண்டு. அரசாங்கத்தில் வேலை செய்பவர்கள் முத்திரை போட்ட கடிதத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை.

5.

பௌர்ணமி. மணி நான்கு. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. சக்கரபாணியின் சுவரில் 'கீபோர்டில் கடலைத் தோல் விழக்கூடாது' என்று எழுதியிருந்தது. அது எங்களுக்காகவே எழுதப்பட்டது.

அறைக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடிதத்தைப் போலவே பேச்சும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழ் என்னுடையது.

தருமன்: வணக்கம். நான் வந்துவிட்டேன்.
தருமன்: நானும்.
தருமன்: யார் நீங்கள்?
தருமன்: கடிதத்தின்படி, தருமன்.
தருமன்: மன்னிக்கவும், தருமன் நான்தான்!
தருமன்: நானும் அதையேதான் சொல்கிறேன்.

"சார், உங்களுக்கு ஏதோ வைரஸ் புடிச்சிருக்கு" என்றார் சக்கரபாணி.

இவர் என் பக்கம் திரும்பினார். நான் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வள்ளி."

"நீங்கதான சொன்னீங்க? தருமன்னு அடின்னு?"

"உன்னத்தானே அடிக்கச் சொன்னேன்!"

[இந்த இடத்தில் வள்ளி என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு பெரிய தவறைச் செய்துவிட்டு ஒருத்தி சிரிப்பாளா? சிரித்தேன். அவரும் சிரித்தார். மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். இதை மாற்ற முடியாது.]

திருத்துவதற்குள் திரையில் வேறு ஏதோ நடக்க ஆரம்பித்திருந்தது.

தருமன்: போன வருடக் கட்டுரையில் கோயம்புத்தூர் விளக்குப்பொறியில் விழுந்த பூச்சிகளின் எண்ணிக்கை தவறு. நிலா வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.
தருமன்: எப்படிச் சொல்கிறீர்கள்?
தருமன்: நிலா இருந்தால் பூச்சி விளக்குக்கு வராது. அவ்வளவுதான்.
தருமன்: ... உண்மை. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

முதலில் பேசியது ஐந்து மாத கீதாஞ்சலி. ஒப்புக்கொண்டது தசரதன். இது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே பெயர் போட்டதும் பெரியவர் சின்னவர் எல்லாம் காணாமல் போய்விட்டார்கள்.

"திருத்தாத வள்ளி" என்றார் இவர் மெதுவாக. "அப்படியே வுடு."

6.

எதிர்சாரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சடையன் கத்தினார். "சார்! ஆந்திராவுலேர்ந்து லைன்ல இருக்காங்க!"

சந்தேகங்களுக்கு என்று பூத் நம்பரைத்தான் கடிதத்தில் கொடுத்திருந்தோம். அனந்தபூர்க்காரர் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. 'நான் தருமன் இல்லையே, பொய்ப்பெயர் போடலாமா?' என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். இவர் ரோட்டைக் கடக்கப் போனார். கிரிவலக் கூட்டத்தைக் குறுக்கே கடப்பது நடக்கிற காரியமா? என் கண் முன்னாலேயே கூட்டம் அவரை அள்ளிக்கொண்டு போனது. மலையை நோக்கிக் கும்பிட்டபடி ஒருவர், "சாமி, நேராப் போங்க, குறுக்க வராதீங்க" என்றது மட்டும் கேட்டது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறையில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒரு தருமன், 'அப்படியானால் கலையலாமா?' என்று கேட்டார்.

எனக்கு மேலதிகாரியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கலைந்துவிட்டால் அவ்வளவுதான். விரல் தானாகப் போனது.

தருமன்: முதல் மழைக்கு எத்தனையாவது நாள் அந்துப்பூச்சி கிளம்பும்? எங்கள் ஊரில் மூன்றாம் நாள். உங்கள் ஊரில்?

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. என்னைப்போல ஒரு வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் விஞ்ஞானிகளிடம் கேட்கிற கேள்வியா இது?

தருமன்: நான்காம் நாள். செம்மண்ணில் இரண்டாம் நாளே.
தருமன்: இங்கே ஐந்து. பதினோரு வருடமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வெளியிட்டதில்லை.
தருமன்: நானும் எழுதி வைத்திருக்கிறேன்!
தருமன்: நானும்.
தருமன்: ஏன் யாரும் இதுவரை இதைக் கேட்கவில்லை?

எப்படியோ பூத்தை எட்டிப் பேசிவிட்டு, இருபது நிமிடம் கழித்து இவர் வந்தார். நெற்றியில் யாரோ பூசிய விபூதி, கையில் யாரோ கொடுத்த சுண்டல். திரையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"யாரு கேட்டது இது?"

"யாரோ ஒரு தருமன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வையை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் சரியில்லை.) அப்புறம் சக்கரபாணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். ஏழாவது தருமனாக அனந்தபூர்க்காரரும் உள்ளே வந்துவிட்டார். ஏழு ஊர் நோட்டுகளும் ஒன்றாகி மழைநாள் அட்டவணை என்று ஒன்று உருவானதும், எந்த ஊரில் எந்த மாலை விளக்குப்பொறி ஏற்ற வேண்டும் என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்ததும் அங்கிருந்துதான்.

7.

அதற்கப்புறம் நான்கு வருடம், கடலை உரிக்க உட்கார்ந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"யாரா இருக்கும் வள்ளி? தசரதன் சாரா?"

"அவருக்கு ஒரு வரியில கேக்க வராதுங்க. முன்னுரை இல்லாம தண்ணிகூடக் கேக்க மாட்டாரு."

"தார்வார்க்காரரோ?"

"இருக்கலாம். ஆனா அவருக்கு அறிவு ரொம்ப ஜாஸ்தி."

"அப்ப கேட்டவங்களுக்கு அறிவு கம்மின்றியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

முதலில் சொல்லாததற்குக் காரணம் கூச்சம். பிறகு காரணம் வேறு. அவர் அவ்வளவு ரசித்துத் தேடுவதைக் கெடுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

2007 ஆடி மாதம், ஒரு மத்தியானம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூர் வந்தது. இறங்கவில்லை.

(இந்தப் பகுதியை இதற்குமேல் எழுதப்போவதில்லை. கதையின் வடிவத்துக்காக அல்ல.)

8.

போன வாரம் மலருக்குப் புகைப்படம் தேடினேன். அவர் பீரோவில், 'கேள்வி' என்று மேலே எழுதிய ஒரு கோப்பு கிடைத்தது. உள்ளே ஆறு கடிதங்கள். ஆறு பேருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். ஆறு பேரும் பதில் போட்டிருக்கிறார்கள்.

தசரதன்: 'நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டது நானில்லை.' கீதாஞ்சலி: 'சத்தியமாக நான் இல்லை சார்.' அனந்தபூர்க்காரர்: 'ஐயா, அந்த நேரத்தில் நான் தங்களுடன்தான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.' மற்ற மூவரும் இல்லை, இல்லை, இல்லை. (தான் கேட்டதை மறைக்கத்தான் சார் இப்படி விசாரிக்கிறார் என்று ஆறு பேரும் நினைத்துவிட்டார்கள்போல.)

தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் 2003. கூடல் முடிந்து இரண்டே மாதத்துக்குள்.

ஆறு பேரும் இல்லை. அவரும் இல்லை. அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க எம்.எஸ்சி. தேவையில்லை. ஆக, நான்கு வருடமும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். "தார்வார்க்காரரோ?" என்று, முகத்தை அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டு.

கடைசித் தாளில் அவர் கையெழுத்து. அலுவலகப் பதில் மாதிரியே:

'கேட்கப்பட்ட ஆண்டு: 1989. கேட்டவர்: கூடலில் கேட்டவரே. பதில்: எங்கள் ஊரில் நான்காம் நாள். தாமதத்துக்கு வருந்துகிறேன்.'

சிரித்தேன். எவ்வளவு சத்தமாகச் சிரித்தேன் என்றால், பக்கத்து வீட்டு தனம் கதவைத் தட்டி, "இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மறுபடியும் சிரிப்பு. அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள்.

(இரண்டாம் பகுதியில் கோடு போட்டு நீக்கிய தொடக்கத்தைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் தொடக்கம்.)

9.

முடிவுகள்:

(அ) கூடலில் சொல்லிவிடுகிறேன்: கேட்டது நான். ஆறு பேரும் கைதட்டுகிறார்கள். மலரில் என் படம். எங்கள் இருவரின் விளையாட்டு எல்லோருக்கும் பொதுவாகி முடிந்துபோகிறது.

(ஆ) சொல்லாமல் இருந்துவிடுகிறேன். கேள்வி அவர் பெயரில் பதிவாகிறது. அடுத்தவர் வேலையில் தன் பெயரை ஒருநாளும் போட்டுக்கொள்ளாத மனிதரின் பெயரில்.

(இ) அறிவிப்பைக் கேட்டு நான்

இல்லை. மூன்றாவது வரவில்லை.

இன்று பௌர்ணமி. இதை எழுதிக்கொண்டிருப்பது சக்கரபாணியின் சென்டரில், அதே இரண்டாம் எண் கம்ப்யூட்டருக்கு எதிரில், நோட்டில். கூடல் தொடங்கிவிட்டது. ஏழு வருடமாக அழைப்புக் கடிதத்தில் அந்த வரியை யாரும் திருத்தவில்லை: பெயர் என்ற பெட்டியில் தருமன் என்று அடிக்கவும். அவர் போன பிறகும் அப்படியேதான் வருகிறார்கள். உள்ளே இப்போது ஆறு தருமன்கள். அறிவிப்புக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. என் எதிரில் பெயர் கேட்டு ஒரு வெறும் பெட்டி.

தருமன் என்று அடிக்கலாம். வள்ளி என்றும் அடிக்கலாம். எதை அடித்தாலும் அறையில் ஏழு பேர் ஆகிவிடுவார்கள்.

"அக்கா, உள்ள போறீங்களா இல்லியா?" என்கிறார் சக்கரபாணி. "எல்லாரும் காத்துனு இருக்காங்க."

போகத்தான் வேண்டும். ஆனால் என் இரண்டு கையிலும் கடலைத் தோல், சுவரில் சக்கரபாணி எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது. அதனால் பெயரை நீங்கள்தான் அடிக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். மழை பெய்து இன்றோடு மூன்றாம் நாள்.