ஐந்து கிணறுகளின் ஆழம்

ஐஸ் பெட்டிக்குப் பிளக் கிடைக்காமல், கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகினாள் பரிமளா. பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே அவள் புருஷன் கலைவாணன் கிடந்தான், நாற்பத்தாறு வயது. நேற்றுக் காலை காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், மத்தியானம் விக்கிரமங்கலம் பக்கத்து வயல் வரப்பில் அளவுக் கயிறும் கையுமாகச் சரிந்திருந்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

"அண்ணி, யுனிவர்சிட்டிலேர்ந்து சாமிதுரை சார் வந்திருக்காரு" என்றான் கொழுந்தன் பழனிவேல்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் மனசுக்குள் ஒரு ஆசை எழுந்தது. எழவு வீட்டில் ஆசைப்படுவது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்தது. சாமிதுரை பல்கலைக்கழகத்துப் புவியியல் ஆய்விதழின் ஆசிரியர். கலைவாணனின் கட்டுரை மூன்று வருஷமாக அவரிடம்தான் கிடந்தது.

கலைவாணன் பிறந்த வருஷம் தொடங்கிய இதழ் அது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு. ஏரி, சந்தை, மாட்டுத் தடம், மழை என்று நடந்துபோய்ப் பார்த்து எழுதிய எதற்கும் அதில் இடம் உண்டு. அப்புறம் ஆண்டுக்கு ஒன்று, அப்புறம் வந்தால் வந்தது. இப்போது முக்கால்வாசி செயற்கைக்கோள் படங்கள். பணம் கட்டினால் பத்தே நாளில் போடுகிற இதழ்கள் எத்தனையோ இருக்க, இந்த மனுஷன் "போட்டா இதுலதான்" என்று அடம்பிடித்தான். கட்டுரை வந்தால்தான் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால்தான், அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்து வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர் என்று தொங்கிக்கொண்டிருப்பது தீரும்.

சாமிதுரை மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், அவரு கட்டுரை வந்துடுமா?" வேறு யாராவது இந்த நேரத்தில் இப்படிக் கேட்டிருந்தால் பரிமளாவே திட்டியிருப்பாள்.

"அதப் பத்திப் பேசத்தான்மா வந்தேன். போன மாசம் ஒரு கருத்து வந்துச்சு. அவருக்கும் அனுப்பினனே, சொல்லலியா?" பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

கட்டுரை வந்தால், எழுதினவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது அந்த இதழின் வழக்கம். கருத்துச் சொன்னவர் பெயரும் வெளியே வராது. பரிமளா வாசித்தாள். 'நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் ஐந்தின் கோடைக்கால நீர்மட்ட ஆழம் நேரில் அளந்ததல்ல, ஊகம். அவற்றை அளக்காமல் வெளியிடக் கூடாது.'

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யாரு சார் இது? இந்த வெயில்ல அவர அங்க ஓட வெச்சது இந்த ஆளுதானே? பேரச் சொல்லுங்க."

"எனக்கே தெரியாதும்மா. அனுப்பறதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க."

மறுபடி வாசித்தாள். ஐந்து கிணறு. அவன் கிணறுகளை அளந்த அந்தக் கோடையில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கலைவாணன் இருபது நாள் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. கடைசியில் விட்டுப்போன ஐந்துக்கும் குத்துமதிப்பாக எண்களைப் போட்டான். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

"கிணறு, தண்ணின்னு வர்றத ஆபீஸ்ல யாருக்கு சார் அனுப்புவாங்க?"

"பெரும்பாலும் நம்ம கலைவா..." சாமிதுரை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

இருவரும் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். பெயரை நீக்கிய அவன் கட்டுரை, கருத்துக் கேட்டு அவனிடமே போயிருக்கிறது. 'நன்று' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வெளியாகியிருக்கும். 'இது என்னுடையது' என்று திருப்பியிருந்தால்கூட வேறொருவர் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பார். பாவி மனுஷன், யாருமே கேட்காத கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு, பதில் தேடித் தானே ஓடியிருக்கிறான். அவளிடம்கூடச் சொல்லவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டைப் பழனிவேல் நீட்டினான். கலைவாணனின் சட்டைப்பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஐந்து கிணறுகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்: மூடியாச்சு.

"கல்லு வெட்டற குழிய ஒட்டி இருந்த கிணறுங்க சார். மண்ணடிச்சு மூடிட்டாங்க" என்றான் பழனிவேல்.

"அந்த அஞ்சும் இல்லாம கட்டுரையே நிக்காதே" என்றார் சாமிதுரை. குழிக்குப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கிவிட்டது என்பதுதான் கட்டுரையே. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த மாசத்தோட நான் ரிட்டயர் ஆவறேன்மா. அடுத்து வரவங்க கிணத்துக் கட்டுரையெல்லாம் எடுக்க மாட்டாங்க. நான் போடற கடைசி இதழ் இது. பழைய எண்ணையே வெச்சுப் போட்டுடறேன். கிணறே இல்ல, யாரு போயி அளந்து பாக்கப் போறா? அவரு பேரு நிக்கட்டும்."

பேர் நிற்கும். இத்தனை வருஷமாக அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம் சார்."

"அண்ணி!" என்றான் பழனிவேல்.

"போடாதீங்க."

சாமிதுரை வற்புறுத்தவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரியும், அதற்குக் காரணமும் எழுதித் தரச் சொன்னார். ஃபைலுக்கு வேண்டுமாம். கம்ப்யூட்டர் மேசையில் குனிந்து, 'அளக்க முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் பரிமளா. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

பாடை கட்டி முடித்தார்கள். ஆண்கள் வந்து பெட்டி மூடியைத் தூக்கினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்து, ஒரு விரல் தனியாக விலகியிருந்தது. பரிமளா குனிந்து, இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.