கட்டாமல் விட்ட படகு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், குளிர்கிறவர்கள் சுவர்ப் பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். ஒரு கப்பலை விற்ற வீட்டின் கதையைச் சொல்கிறேன். நானும் பாதியில் விட மாட்டேன், உங்களையும் பாதியில் எழுந்து போக விட மாட்டேன்.

அந்த வீட்டில் செய்து முடித்த எந்தப் பொருளும் வளரும். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தக்கை மரத்திலும் அட்டையிலும் தகரத்திலும் பாலங்களையும் கட்டடங்களையும் சிறிதாகச் செய்து பார்க்கிற கிறுக்கு அவருக்கு இளமையிலிருந்தே உண்டு. எதைச் செய்தாலும் நூறில் ஒரு பங்கு அளவில்தான் செய்வார் என்பதால் தெருவே அவரை நூற்றுக்கொன்று என்று கூப்பிட்டது. செய்துகொண்டிருக்கும் வரை பொருள் சொன்னபடி கேட்கும். கடைசித் துண்டை ஒட்டிவிட்டு அவர் "முடிஞ்சாச்சு" என்று சொன்ன நாளிலிருந்து சுரைப்பிஞ்சு போல மளமளவென்று பெருத்து, நிஜ அளவை எட்டிய பிறகுதான் நிற்கும். ஆகவே வாசல் அகலத்தைத் தாண்டுவதற்குள் விற்றுவிட வேண்டும். விற்கிற பொறுப்பு மனைவியுடையது. அவள் தையல்காரி; முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் அவர் மேசை. "முடிந்த மாதிரிகள் விற்பனைக்கு" என்று எழுதிய பலகையை அவள் சன்னலில் மாட்டினால், புதிதாக ஏதோ செய்ய அவர் கை துருதுருக்கிறது, மேசை காலியாக வேண்டும் என்று தெருவுக்குப் புரியும். பல் டாக்டர் ஒரு கலங்கரை விளக்கத்தை வாங்கிப்போய் அலமாரியில் வைத்தார். பிறகு தன் கிளினிக்கையே அதற்குள் மாற்றிக்கொண்டார். ஒரு முடிதிருத்துபவர் வாங்கிய ரயில் நிலையத்தில் இன்றும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வண்டிகள் நின்று போகின்றன. சுமைக்காரர் கைதவறி ஒரு பாலத்தின் கைப்பிடியை உடைத்தார். உடைந்த பொருள் முடிந்த பொருள் இல்லை என்பதால் அந்தப் பாலம் மட்டும் அன்றோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அதை வாங்கியவர் சலித்துக்கொண்டே அதன்மேல் பூந்தொட்டி வைத்தார்.

அவர்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒரு பயணத்தில் கப்பல் போனது, திரும்பவில்லை. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அழவில்லை, மறுநாளே மேசையில் உட்கார்ந்து அந்தக் கப்பலைச் செய்ய ஆரம்பித்தார். மகன் லீவில் வரும்போதெல்லாம் வாய் ஓயாமல் சொன்னதை வைத்தே ஒவ்வொரு கதவும் ஏணியும் அதனதன் இடத்துக்கு வந்தன. புகைபோக்கி நின்றது, கொடிமரம் நின்றது, பக்கத்துக்கு மூன்றாக உயிர்காப்புப் படகுகள் தொங்கின. படகுகளின் கயிறுகளுக்கு முடிச்சுப் போட முடியாதபடி அவர் விரல்கள் தடிமனாக இருந்தன. தையல்காரிதான் ஊசியும் நூலுமாகப் போட்டாள். கடைசிப் படகுக்கு வந்ததும் நூலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது இப்படியே இருக்கட்டுங்க. அவசரத்துக்கு இறக்கணும்னா எவன் உக்காந்து அவுத்துக்கிட்டு இருப்பான்?"

அவர் தலையாட்டினார். கயிறு கட்டப்படவில்லை, கப்பலும் முடியவில்லை. "முடிஞ்சாச்சு" என்ற சொல்லை அதன்பின் அந்த வீட்டில் யாரும் எதற்காகவும் சொல்லவில்லை. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்கள் "முடிஞ்சுதா?" என்று கேட்டால் அவள் "எடுத்துட்டுப் போலாம்" என்பாள்.

வீட்டில் இருந்தது ஒரே மேசை. கப்பல் அதில் நின்றுவிட்டதால் அவருக்குச் செய்ய இடமில்லை, செய்ய மனமும் வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கப்பலைப் பார்த்தபடியே இருந்தார். வருடங்கள் போயின. அவர் சிறுக்க ஆரம்பித்தார். முதலில் சட்டைக் கை விரல் நுனி வரை தொங்கியது. துணிதான் தளர்ந்துவிட்டது என்று அவள் மடித்துத் தைத்தாள். பிறகு தோளைப் பிடித்தாள், பிறகு இடுப்பை, பிறகு காற்சட்டையின் நீளத்தை. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது, அந்த அளவுதான் சிறிது என்றார். தெருவில் அவர் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய தாடை மேசை விளிம்புக்கு நேராக வந்துவிட்டபோது, இந்த ஆள் எந்த இடத்தில் போய் நிற்பார் என்று அவள் கணக்குப் போட்டாள். மேசை காலியானால் கைக்கு வேலை கிடைக்கும், இவர் பிழைப்பார். மேசை காலியாக வேண்டுமென்றால் கப்பல் முடிய வேண்டும், போக வேண்டும். முடிந்தது என்று சொல்கிற நாளில் மகனும் முடிந்தவனாகிவிடுவான். இரண்டையும் அவள் மாற்றி மாற்றி நினைத்தாள்.

ஒரு நாள் காலை பின்னறையில் அவரை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, புதிதாகச் சிறிதாக்கிய காற்சட்டையின் இடுப்பு நாடாவை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். பால்காரர் வாசலில் கூப்பிட்டார். கைவேலை இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்றாள் அவள். பால்காரருக்கு அவசரம், வாசலிலிருந்தே கத்தினார்.

"முடிஞ்சாச்சா?"

"முடிஞ்சாச்சு."

நாடாவை முடிந்ததைத்தான் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் மேசைமேல் மரம் நெறிபடும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். கடைசிப் படகின் கயிறு இறுக முடிச்சிட்டுக் கிடந்தது. யார் போட்டது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பால்காரர் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கப்பலின் மூக்கு மேசையை விட்டு வெளியே நீண்டது. அடுத்த சில நாட்களில் பின்பக்கமும் நீண்டது. அவள் முன்னறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து நின்றாள். முடிச்சை வெட்டினால் போதும், கப்பல் அப்படியே நிற்கும், வீட்டோடு கிடக்கும். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"வெட்டறதுன்னா வெட்டும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குச் சட்டைத் துணியாவது மிச்சமாகும்."

"உங்களுக்கு எதுல விளையாட்டுன்னு இல்லையா?"

"நான் விளையாடலை. அவனை வெச்சுக்கறதா என்னை வெச்சுக்கறதான்னு உன்கிட்ட எப்படிக் கேக்கறது? அதான் சட்டையைச் சொன்னேன்."

அவள் கத்தரிக்கோலின் வாயைக் கயிற்றருகே கொண்டுபோனாள். மிஷின் மேல் தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. பிறகு கத்தரிக்கோலை மடியில் போட்டுக்கொண்டு, மேசையோரம் குனிந்து, கப்பலின் சமையலறைச் சன்னலிடம் வாயை வைத்து, "முடிஞ்சுபோச்சுடா ராஜா" என்றாள். அன்றுதான் முதல் தடவையாக அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகம் கழுவிவிட்டுப் பலகையைத் தேடி எடுத்துத் தூசி தட்டிச் சன்னலில் மாட்டினாள்.

வந்தவள் விடுதி நடத்துகிறவள். குரல் பெரிது, கை இன்னும் பெரிது. கப்பலைச் சுற்றி வந்து, சந்தையில் பூசணிக்காயைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தாள்.

"வளருமாமே? வளரட்டும். என் விடுதிக்குப் பக்கத்துல மனை சும்மாதான் கிடக்கு. சமையலறை இருக்கா அக்கா இதுல?"

"இருக்கு."

"அடுப்பு?"

"ரெண்டு. இடப்பக்கத்து அடுப்பு கொஞ்சம் மந்தம். காத்து அடிச்சா அணைஞ்சிடும், மறைச்சு நின்னுதான் பத்த வைக்கணும்."

விடுதிக்காரி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அதற்கப்புறம் பேரம் பேசவில்லை. சன்னல் சட்டத்தைக் கழற்றித்தான் கப்பலை வெளியே எடுக்க முடிந்தது. சுமைக்காரர்களிடம், உடைக்காமல் கொண்டுபோங்கள் என்று தையல்காரியே தெருமுனை வரை சொல்லிக்கொண்டே நடந்தாள்.

திரும்பி வந்தபோது அவர் ஸ்டூல் மேல் ஏறி, காலி மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யறது?"

"எதையாவது செய்ங்க. சீக்கிரம் செய்ங்க."

எதிர்வீட்டு மாடிப்படியைச் செய்யத் தொடங்கினார். படிகளில் பாதி எழும்பியபோது அவருக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. கைப்பிடிக்குச் சாயம் பூசியபோது காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடித்துத் தைத்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிரித்த இடங்களில் துணி வெளுக்காமல் புதிதாக இருந்ததால் அவர் சட்டைகள் எல்லாமே கோடு போட்ட சட்டைகளாயின. படிக்கட்டு விற்றுப்போயிற்று. அடுத்து ஒரு தபால் நிலையம், அடுத்து ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆள் முழு உயரத்துக்கு வந்தார், அதற்கு மேல் ஒரு விரல் அளவு கூட உயர்ந்தார் என்று பல் டாக்டர் சொல்வதுண்டு.

கப்பல் மனையில் நிஜ அளவுக்கு வளர்ந்து நின்றது. விடுதிக்காரி அறைகளை வாடகைக்கு விட்டாள். சமையலறைக்கு ஆள் வைக்கலாம் என்று அவள் நினைப்பதற்குள் ஒரு நண்பகலில் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. உள்ளே ஒருவரும் இல்லை, சாப்பாடு தயாராக இருந்தது. தங்கியிருந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்கள். மறுநாளும் அப்படியே. சமைக்கிறது யார் என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பிறகு இரவுக்கும் சமைத்தால் நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

தையல்காரி ஒரு நாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போய், மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். அவர் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துது?"

"உப்பு தூக்கல்தான். எப்பவும் போல."

"சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லலை. இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டு ஏணியைப் பசை காயும் வரை பிடித்துக்கொண்டார். அவள் மிஷினில் உட்கார்ந்தாள். வாரத்தில் ஒரு நாள் அங்கேதான் சாப்பாடு என்று அதன்பின் வழக்கமாயிற்று. சில வாரம் அவரும் கூடப் போனார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டு மேசைகளில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை பாதியில் கிடக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும். வீடு நிறைய ஆளும், ஆளுக்கு நிறைய இடமும் கிடைத்து நன்றாக இருங்கள்.