எதிர்ச்சொல் அணிவகுப்பு

ஈரத்துணி கன்னத்தை அழுந்தத் தேய்க்கிறது, அம்மா ஆசையாய்ப் பூசிவிட்ட பவுடர் கோடுகோடாக வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்குகிறது, பவுடரோட நின்னா அட்டை பொய்யாயிரும்ல என்கிறார் ஜெயராணி டீச்சர், வழிவிட்டான் என்கிற ஆறு வயதுப் பையன் ஆமாமென்று தலையாட்டுகிறான், அவன் கழுத்தில் கறுப்பு என்று எழுதிய அட்டை, பக்கத்தில் நிற்கும் ஆபீசர் மகள் கழுத்தில் வெள்ளை, இல்லை, அது அப்போது, இப்போது அவன் மதுரையில் கல்லூரி மூன்றாம் வருடம், அதே பள்ளிக்கூடத்தின் மேடைத் திரைக்குப் பின்னால் நிற்கிறான், துணியை மட்டும் இன்னும் யாரும் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

ஆண்டு விழாதோறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எதிர்ச்சொல் அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோடி சோடியாக மேடையேறுவது அங்கே வழக்கம், குண்டு என்ற அட்டைக்குக் குண்டான பிள்ளை, குட்டைக்குக் குட்டையான பிள்ளை, சொல்லுக்கேற்ற பிள்ளையைத் தேடிப் பிடிப்பதில் ஜெயராணி டீச்சரின் நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது, ஏழை பணக்காரன் சோடியை மட்டும் கைவிட்டார்கள், பணக்காரனாக நிற்பதற்குப் பெற்றோர்களிடையே போட்டி அதிகமாகிவிட்டதாம். வழிவிட்டான் மேடையில் நின்றது கொஞ்ச நேரம்தான், ஆனால் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஊர் அவனை அட்டைக் கறுப்பு என்றே கூப்பிட்டது, டீக்கடையில் அட்டை, கண்மாய்க்கரையில் அட்டை, முடிவெட்டப் போனால் வாடா அட்டை, விடுதியில் படுத்தால் கனவிலும் டீச்சர் துணியோடு வருகிறார், துடைக்கிறார், பவுடருக்குக் கீழே இன்னொரு பவுடர், அதற்குக் கீழே இன்னொன்று, கடைசியில் கன்னமே இல்லை, டீச்சர் மட்டும் விடாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வருடம் அவன் அக்கா மகள் தர்ஷிகாவின் கழுத்தில் அழுக்கு. அவள் அப்பா, அதாவது அவன் மச்சான் காளிமுத்து, சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர், சுத்தம் என்ற அட்டையோடு நிற்கும் நிவினின் அப்பா அந்தக் கரியை வாங்கி விற்கும் முதலாளி, இரண்டு வீட்டுச் சோறும் ஒரே கரியில்தான் வேகிறது. மேக்கப்புக்குக் கொஞ்சம் கரித்தூள் வேணும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம், மகளுக்கு நாடகத்தில் வேஷம் கிடைத்துவிட்டது என்று மச்சான் வேட்டித் துணியில் சலித்துச் சலித்து, பிள்ளை கன்னத்தில் உறுத்திவிடக் கூடாதென்று மை மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அது கொட்டாங்குச்சியில் அப்படியே இருக்கிறது, டீச்சர் தர்ஷிகாவை ஒருமுறை பார்க்கிறார், பிரியமாகவே சொல்கிறார், இவளுக்கு எதுக்கு மேக்கப்பு, அப்படியே போகட்டும்.

அப்போதுதான் வழிவிட்டானுக்குக் காதுமடல் சுட்டது. அட்டைய மாத்திப் போடுங்க டீச்சர் என்றான். மாத்துறதா, நிவின் அப்பா முன் வருசையில உக்காந்திருக்காகப்பா என்றார் டீச்சர். இவ அப்பாவும்தான் உக்காந்திருக்காரு, கடைசி வருசையில என்றான். டீச்சர் அவன் தோளைத் தட்டினார், நீயும் இதே மேடையில நின்னவன்தான, கெட்டா போயிட்ட, மதுரையில படிக்கலையா. அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான், மனதாரச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் அவள் புதுக் கவுனில் குதித்துக்கொண்டிருக்கிறாள், மாமா, நான் மைக்குல பேசப் போறேன், மைக்குல.

ஒன்றாம் வகுப்பை அழைத்தார்கள், டீச்சர் மைக்கைப் பிடிக்க மேடைக்குப் போனார், வழிவிட்டான் குனிந்தான், அழுக்கைக் கழற்றி நிவினுக்கு, சுத்தத்தைக் கழற்றி இவளுக்கு, கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு கை அள்ளி நிவின் முகம் நிறையப் பூசினான், அந்தப் பயல் பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை, மீசையும் வச்சு விடுங்கண்ணே என்றான், வைத்துவிட்டான். மேடையில் வெளிச்சம், அட்டைகளைப் பார்த்த டீச்சர் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார், முன் வரிசையில் ஒருவர் பாதி எழுந்து நிற்கிறார், வழிவிட்டான் திரையைப் பற்றிக்கொண்டு சிரிக்கிறான், இத்தனை வருடமாகத் தேக்கிய சிரிப்பு. கரி முகத்தோடு நிவின் மைக்கருகே போய் நான் சுத்தம் என்றான், சனம் சிரித்தது. அடுத்து தர்ஷிகா, நெஞ்சில் சுத்தம் என்ற அட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் கணீரென்று சொன்னாள், நான் அழுக்கு. வழிவிட்டானின் சிரிப்பு அங்கேயே நின்றது. சனம் கைதட்டியது, எல்லோரும் ஓய்ந்த பிறகும் கடைசி வரிசையில் மச்சான் மட்டும் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள், மாமா, நான் தப்பில்லாமச் சொன்னேன்ல. அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை, அந்தக் கோபம் அவ்வளவையும் மடித்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான், அட்டையைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். மனப்பாடம் வேணாம், எழுத்தப் பாத்து வாசி. அவள் அவனைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், சு என்றாள், த் என்றாள், வெளியே அடுத்த நடனத்துக்குப் பாட்டு அலறத் தொடங்கியது, டீச்சர் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவது கேட்டது, அவன் திரும்பவில்லை, சத்தமா, என்றான், இன்னும் சத்தமா வாசி.