மாப்பிள்ளைப் பூட்டு

சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. அதிகம் முறுக்கினால் உடையும். குறைவாக முறுக்கினால் மச்சான் சிரிப்பான்.

"விடுங்க அத்தான். தச்சர் சுத்தியலோட நிக்கிறாரு. சாயங்காலம் வீட்டை ஒப்படைக்கணும்."

டிராயிங் வாத்தியார் நகரவில்லை. மாமனார் காலமாகி, வீடு கைமாறி, மற்றவர்கள் கட்டில் பீரோ என்று பங்கு போட்டபோது அவர் கேட்டது இந்த வாசல் கதவுப் பூட்டு ஒன்றைத்தான். உடையாமல் திறந்தால் அவருக்கு, இல்லையென்றால் சுத்தியலுக்கு.

"இந்தக் கழுதையை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"எங்க வீட்டுக்கும் புது மாப்பிள்ளை வந்திருக்காருல்ல. 'வாங்க'ன்னா 'ம்'ங்கிறாரு. அதுக்கு மேல பேச்சில்ல."

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பூட்டின் பெயரே மாப்பிள்ளை. எவ்வளவு கவனித்தாலும் முறுக்கிக்கொள்ளும் என்று மாமனார் வைத்த பெயர். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த வாத்தியாருக்கு, கதவோடு ஒரு மாப்பிள்ளை ஏற்கெனவே இருப்பதை யாரும் சொல்லவில்லை. வந்த வாரமே மாமனார் குரல் காதில் விழுந்தது: "மாப்பிள்ளை மறுபடி முறுக்கிக்கிட்டான். வெளக்கெண்ணெயைக் காய்ச்சி ஊத்தினாத்தான் வழிக்கு வருவான்."

பேச்சு நின்றது. மாமியார் பூட்டைக் காட்டி விளக்கிய பிறகு இருவருக்கும் வெட்கம் வந்து, நின்ற பேச்சு இன்னும் கெட்டியாக நின்றது.

பிறகொரு மாலை, வேலை முடிந்து வந்த மாமனார் வெளியே சாவியோடு மல்லுக்கட்டினார். உள்ளே வாத்தியார் மட்டும்தான். கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "என்ன மாப்பிள்ளை, இன்னும் கோவமா? வயசானவன், வாய் தவறிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

பூட்டுக்கு அதுவரை 'ங்க' மரியாதை கிடைத்ததில்லை. வாத்தியார் உள்பக்கக் குமிழைத் திருப்பிக் கதவைத் திறந்தார். இருவரும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிலிருந்து எல்லாம் ஜாடைப் பேச்சுதான். "மாப்பிள்ளை இளைச்சிட்டாரே, ஸ்கூல்ல வேலை ஜாஸ்தியோ?" என்று வெளியிலிருந்து வரும். "உங்க மாமனாருக்கு இருமல் விடலியே, டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து போகும். பேத்தி பிறந்த செய்தியைக்கூட மாமனாருக்கு முதலில் சொன்னது சாவித்துவாரம்தான்.

எண்ணெயில் தூசி சேர்ந்து பிசினாகிவிடும், பூட்டுக்குப் பென்சில் கரித்தூள்தான் மருந்து என்று வாத்தியாருக்கு அன்றே தெரியும். வாயைத் திறக்கவில்லை. மாமனார் ஊற்றிக்கொண்டே இருந்தார். பூட்டு முறுக்கிக்கொண்டே இருந்தது. பேச்சு நடந்துகொண்டே இருந்தது.

இன்று வேறு வழியில்லை. துவாரத்தில் மண்ணெண்ணெய் விட்டார். அத்தனை வருஷத்து விளக்கெண்ணெயும் கறுப்பாகக் கரைந்து கதவில் வழிந்தது. துடைத்துக் காயவிட்டார். பிளேடால் பென்சில் முனையைச் சுரண்டி, தூளை உள்ளே ஊதினார்.

"கதவுக்குக் கண்மை தீட்டுறாரு" என்றார் தச்சர்.

சாவி மறுபேச்சில்லாமல் திரும்பியது. வாத்தியாருக்குச் சப்பென்று போய்விட்டது.

"இவ்ளோதானா?" மச்சான் வாயைப் பிளந்தான். "அப்பா இருக்கும்போதே செஞ்சிருக்கலாமே அத்தான். மனுஷன் வாசல்ல நின்னு எவ்ளோ புலம்புவாரு!"

"அதான் செய்யல."

இருட்டுவதற்குள் பூட்டு, வாத்தியார் பின்னாளில் கட்டிய சொந்த வீட்டின் வாசல் கதவில் ஏறியது. வழுக்கிக்கொண்டு திறந்தது, வழுக்கிக்கொண்டு மூடியது. கூடத்தில் புது மாப்பிள்ளை செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

வாத்தியார் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்: "ஏம்மா, வெளக்கெண்ணெய் இருக்கா?"

"எதுக்கு?"

"மாப்பிள்ளைக்கு ஊத்தணும்."

கூடத்தில் செல்போன் மெல்லக் கீழே இறங்கியது.